கணைய அறுவைக்குப் பின் வரும் ரத்தக்கசிவு: வயிற்றைத் திறக்காமல் எப்படி நிறுத்துகிறார்கள்?

கணையத்தில் பெரிய அறுவைசிகிச்சை முடிந்து பத்து நாள் ஆகியிருக்கும். நோயாளி எழுந்து நடக்கிறார், கஞ்சி குடிக்கிறார். திடீரென்று வயிற்றிலிருந்து வெளியே வரும் வடிகுழாயில் சிவப்பாக ரத்தம் இறங்குகிறது; சற்று நேரத்தில் தானாகவே நின்றும்விடுகிறது. வந்து பார்க்கும் அறுவைசிகிச்சை நிபுணர், நோயாளியை ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புவதில்லை. அவசரமாக சி.டி. ஸ்கேனுக்கும், அங்கிருந்து ஆஞ்சியோ செய்யும் அறைக்கும் அனுப்புகிறார்.

வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு ஒன்றும் புரிவதில்லை. நின்றுபோன ரத்தத்துக்கு ஏன் இத்தனை ஓட்டம்? ஆஞ்சியோ என்பது இதயத்துக்குச் செய்வதல்லவா? அறுவை செய்தவரே மறுபடி திறந்து, ஒழுகும் இடத்தைத் தைத்துவிட்டால் போதாதா?

மூன்றும் நியாயமான கேள்விகள். வயிற்றில் செய்யும் எல்லா அறுவைசிகிச்சைகளுக்கும் ஒரே பதில் பொருந்தாது என்றாலும், இந்தச் சிக்கலின் முழு வடிவத்தையும் காட்டுவது கணையம்தான். எனவே அங்கிருந்தே தொடங்கலாம்.

வெட்டுவதும் இணைப்பதும்

கணையத்தின் தலைப்பகுதியிலோ பித்தநாளத்தின் கீழ்முனையிலோ புற்று வந்தால் செய்யப்படுவது விப்பிள் அறுவைசிகிச்சை. 1935இல் இதைப் பற்றி எழுதிய அமெரிக்க மருத்துவர் ஆலன் விப்பிளின் பெயரால் வழங்குகிறது. கணையத்தின் தலை, அதை வளைத்துச் செல்லும் முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி ஆகியவற்றை அகற்றுகிறார்கள். சிலருக்கு இரைப்பையின் ஒரு பகுதியையும் எடுப்பார்கள். பிறகு மிச்சமிருக்கும் கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் சிறுகுடலோடு இணைக்க வேண்டும். ஆக, மூன்று புதிய இணைப்புகள்.

இந்த அறுவையில் கட்டாயம் வெட்டப்படும் ரத்தநாளம் ஒன்று உண்டு. கல்லீரலுக்குப் போகும் தமனியிலிருந்து கிளை பிரிந்து, இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் கணையத் தலைக்கும் ரத்தம் தருவது அது. அதைக் கட்டி, வெட்டி, சில மில்லிமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கட்டையை விட்டுவைப்பார்கள். இனி வரும் கதையில் முக்கியப் பாத்திரம் இந்த அடிக்கட்டைதான். கணைய இணைப்புக்கு மிக அருகிலேயே அது கிடக்கிறது.

கணையநீரின் வேலை புரதத்தையும் கொழுப்பையும் கரைப்பது. கணையத்துக்குள் இருக்கும்வரை அதன் நொதிகள் உறங்குகின்றன. குடலை அடைந்த பிறகே விழிக்கின்றன. கணைய இணைப்பு ஓரிடத்தில் பிசகி, அந்த நீர் குடல்நீரோடும் பித்தத்தோடும் கலந்து வயிற்றுக்குள் கசிந்தால், விழித்துக்கொண்ட நொதிகளுக்கு இறைச்சியும் தெரியாது, நோயாளியின் சொந்தத் தமனியும் தெரியாது. பக்கத்தில் கிடக்கும் தமனிச் சுவரை மெல்ல அரிக்கத் தொடங்குகின்றன. கிருமித்தொற்றும் சேர்ந்தால் வேகம் கூடும்.

அரிக்கப்பட்ட சுவரில் ஓட்டை விழுந்ததும் ரத்தம் எல்லா நேரமும் பீய்ச்சியடிப்பதில்லை. சுற்றியிருக்கும் திசுக்களும் உறைந்த ரத்தமும் அணைத்துப் பிடிக்க, தமனியை ஒட்டி ஒரு சிறிய ரத்தப்பை உருவாகிறது. தமனிச் சுவரின் அடுக்குகள் எதுவும் அதற்கு இல்லை. சுவர் என்று சொல்லிக்கொள்ள இருப்பது வெறும் ரத்தக்கட்டியும் வீங்கிய திசுவும்தான். அதனால் இதற்குப் போலித் தமனிப்புடைப்பு என்று பெயர். எந்த இருமலிலும் உடையக்கூடியது.

இதில் ஒரு வேடிக்கை: நல்ல, மென்மையான கணையத்தில்தான் தையல் எளிதில் கிழிந்து கசிவு வருகிறது. நாள்பட்ட அழற்சியால் இறுகிப்போன கணையம் தையலை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அதிகம் காணப்படும் கல் சேர்ந்த நாள்பட்ட கணைய அழற்சியில் கணையம் இப்படித்தான் இறுகியிருக்கும். ஆனால் அந்த நோயாளிகளுக்கு வேறு வழியில் அதே ஆபத்து வரலாம். அறுவையே நடக்காமல், அழற்சியே பக்கத்துத் தமனியை அரித்துப் போலிப் புடைப்பை உண்டாக்கும். அதற்கும் கீழே சொல்லப்போகும் சிகிச்சைதான்.

முதலில் கேட்கப்படும் மூன்று கேள்விகள்

கணைய அறுவைக்குப் பின் வரும் ரத்தக்கசிவை ஆளாளுக்கு ஒரு விதமாக வரையறுத்துக்கொண்டிருந்த நிலையில், கணைய அறுவைசிகிச்சைக்கான சர்வதேச ஆய்வுக் குழு 2007இல் ஒரு பொது வரையறையைத் தந்தது. அது மூன்று கேள்விகளைக் கேட்கிறது.

1. எப்போது? அறுவை முடிந்த 24 மணி நேரத்துக்குள் வந்தால் முற்கசிவு. அதற்குப் பிறகு வந்தால் பிற்கசிவு. வெறும் கடிகாரக் கணக்கல்ல இது. முற்கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் அவிழ்ந்த கட்டு, சரியாக இறுகாத தையல், அல்லது ரத்தம் உறைவதில் உள்ள கோளாறு. பிற்கசிவில், குறிப்பாக முதல் வாரத்தைத் தாண்டியதில், அரிப்புதான் முதல் சந்தேகம்.

2. எங்கே? குடல்பாதைக்குள் ஒழுகினால் ரத்தவாந்தியாகவோ, மூக்குவழிக் குழாயிலோ, தார் போன்ற கறுத்த மலமாகவோ வெளிப்படும். பாதைக்கு வெளியே, வயிற்று அறைக்குள் ஒழுகினால் வடிகுழாயில் தெரியும். குழாயை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தால் எங்குமே தெரியாமல் வயிறு மட்டும் உப்பும்.

3. எவ்வளவு? ஹீமோகுளோபின் 3 கிராமோ அதற்கு மேலோ சரிந்தாலும், ரத்தம் பெருமளவில் ஏற்ற வேண்டியிருந்தாலும், சிகிச்சை முறை ஒன்றைச் செய்தே ஆக வேண்டியிருந்தாலும் கடுமையான கசிவு.

இரண்டாவது கேள்வியில் ஒரு கண்ணி இருக்கிறது. ரத்தவாந்தி வந்தால் இரைப்பை இணைப்பில்தான் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கணைய இணைப்பு பிரிந்திருந்தால், வெளியே இருக்கும் அடிக்கட்டை உடைந்து, அந்தப் பிளவின் வழியாகவே ரத்தம் குடலுக்குள் பாயலாம். வாய்வழியாக வரும் ரத்தத்தின் ஊற்று குடலுக்கு வெளியே இருக்கும்! பத்தாம் நாள் ரத்தவாந்திக்கு எண்டோஸ்கோப்பி மட்டும் செய்து, இரைப்பை இணைப்பு நன்றாக இருக்கிறது என்று நிம்மதியடைவது இதனால்தான் ஆபத்து.

நின்றுபோன ரத்தம் ஏன் நிம்மதி தரக்கூடாது?

அந்தச் சிறிய, தானே நிற்கும் கசிவை மருத்துவர்கள் ‘சென்டினல் பிளீட்’ என்கிறார்கள். எல்லைக் காவலன் கொடுக்கும் எச்சரிக்கைக் குரல் என்பது போன்ற பொருள். உள்ளே நடப்பது இதுதான்: புடைப்பில் சிறு விரிசல் விழுகிறது, ரத்தம் ஒழுகுகிறது, ரத்தக்கட்டி வந்து அடைக்கிறது. தமனியில் ஓட்டை அப்படியே இருக்கிறது. அரிக்கும் நீரும் அப்படியே இருக்கிறது. சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து அடைப்பு பிய்த்துக்கொள்ளும்போது வருவது ஒழுகல் அல்ல, வெள்ளம்.

எல்லோருக்கும் இந்த முன்னெச்சரிக்கை கிடைப்பதில்லை. கிடைத்தவர்களுக்கு, அந்த இடைவெளிதான் சிகிச்சைக்கு அமையும் மிக நல்ல நேரம். ரத்த அழுத்தம் நிலையாக இருக்கும், ஸ்கேனுக்குக் கொண்டுபோக முடியும், ஆட்களைத் திரட்ட முடியும். நாளை காலை பார்க்கலாம் என்று சொல்ல முடியாத ஒரு கசிவு உண்டென்றால் அது இதுதான்.

ஹீமோகுளோபின் நன்றாகத்தானே இருக்கிறது என்ற ஆறுதலும் ஏமாற்றக்கூடியது. ரத்தம் வெளியேறும்போது சிவப்பணுக்களும் நீர்ப்பகுதியும் ஒன்றாகவே போகின்றன. மிச்சமிருக்கும் ரத்தத்தின் அடர்த்தி உடனே மாறுவதில்லை. உடலின் நீரோ, நரம்பு வழியாக ஏற்றும் திரவமோ உள்ளே வந்து கலந்த பிறகே எண் சரிகிறது. ரத்த அழுத்தமும் அப்படியே. ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தமுள்ள ஒருவர் ஒன்றரை லிட்டர் அளவுக்கு இழந்த பிறகுதான் பலருக்கும் அழுத்தம் தெளிவாகக் குறைகிறது. முதலில் துப்புக் கொடுப்பது நாடித்துடிப்பின் வேகம்.

மறுபடி திறப்பதில் என்ன சிக்கல்?

முதல் நாளில் திறப்பது வேறு, பத்தாம் நாளில் திறப்பது வேறு. முதல் நாளில் திசுக்கள் இன்னும் பழைய நிலையிலேயே இருக்கும். அவிழ்ந்த கட்டைக் கண்டுபிடித்து மறுபடி கட்டலாம். நோயாளி தாக்குப்பிடிக்கும் நிலையில் இருந்தால், சிறு துளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பியிலேயே உள்ளே போய், உறைந்த ரத்தத்தைக் கழுவி எடுத்து, ஒழுகும் நாளத்துக்குக் கிளிப் போட்டுவிடவும் சில நேரம் முடிகிறது.

பத்தாம் நாளில் குடலும் கல்லீரலும் கொழுப்புத் திரையும் ஒன்றோடொன்று ஒட்டி, வீங்கி, தொட்டால் கிழியும் நிலையில் இருக்கும். ஒழுகும் தமனியை அடைவதற்கே புதிய இணைப்புகளைக் கலைக்க நேரலாம். அடைந்த பின்னும், நொதியில் ஊறிய தமனிச் சுவர் நனைந்த காகிதம் போலத் தையலைப் பிடிக்காது. ஏற்கெனவே ரத்தம் இழந்து நொந்திருப்பவருக்கு முழு மயக்கமும் இன்னொரு பெரிய அறுவையும் தாங்குமா என்பது தனிக் கேள்வி. வெளியிலிருந்து அணுக முடியாத இடத்துக்கு ரத்தநாளத்தின் உள்ளிருந்தே போய்ச் சேரலாம் என்பதுதான் மாற்று வழியின் சாரம். சிறிய தழும்பு, குறைந்த வலி என்பதெல்லாம் இங்கே பக்கப் பயன்கள்.

தேடுதல்

அடைப்பதற்கு முன் ஊற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். சி.டி. ஆஞ்சியோகிராமில் கைநரம்பில் சாயமருந்தை வேகமாகச் செலுத்தி, அது தமனிகளில் ஓடும் நொடிகளில் படமெடுக்கிறார்கள். நிமிடத்துக்கு அரை மில்லிலிட்டர் அளவு ஒழுகினாலே சாயம் தமனிக்கு வெளியே சிந்துவது தெரிந்துவிடும். அந்த நேரத்தில் கசிவு நின்றிருந்தாலும் போலிப் புடைப்பு தனியே உருண்டையாகத் தெரியும். கசிவு நின்றவரையும் ஸ்கேனுக்கு அனுப்புவதற்கு இதுவே காரணம்.

சாயமருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்ற தயக்கம் குடும்பங்களுக்கு வருவது இயல்பு. கிரியேட்டினின் அளவைப் பார்த்து, திரவம் ஏற்றிச் செய்வார்கள். ஆனால் உயிர்போகும் கசிவைத் தேடும்போது, சிறுநீரகக் கவலை இரண்டாம் இடத்துக்குத்தான் போகும்; போகவும் வேண்டும்.

உள்ளிருந்து அடைத்தல்

ஊசி குத்தி, அதன் வழியே மெல்லிய கம்பியை அனுப்பி, கம்பியின் மேல் குழாயை நுழைக்கும் எளிய உத்தியை 1953இல் வெளியிட்டவர் ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர். இன்று இதய ஆஞ்சியோவானாலும் வயிற்று ஆஞ்சியோவானாலும் அடிப்படை அதுதான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ரோஷ், டாட்டர் ஆகியோர் அடங்கிய குழு, வயிற்றில் ரத்தம் ஒழுகிய ஒரு தமனியை நோயாளியின் சொந்த ரத்தக்கட்டியைக் கொண்டே அடைத்து, அதை 1972இல் பதிவுசெய்தது. மூன்றாண்டில் உலோகச் சுருள்கள் வந்தன. இந்தச் சிகிச்சையைச் செய்பவர் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட்: படம் பார்த்துச் சொல்வதோடு நிற்காமல், படத்தைப் பார்த்தபடியே சிகிச்சையும் செய்கிறவர்.

நடைமுறை இப்படிப் போகும்:

1. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போகும் ஊசி போட்டு, தமனிக்குள் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள கத்தீட்டர் என்ற வளையும் குழாயை நுழைக்கிறார்கள். பல நோயாளிகள் விழித்தே இருப்பார்கள்.

2. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, பெருந்தமனியிலிருந்து இரைப்பை, கல்லீரல், மண்ணீரலுக்குக் கிளை பிரியும் இடத்துக்கு அதைக் கொண்டுபோகிறார்கள். சாயம் செலுத்தி, சி.டி. காட்டிய இடத்தை உறுதிசெய்கிறார்கள்.

3. அந்தக் கத்தீட்டருக்குள்ளேயே, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்கத்தீட்டரை விட்டு, பழுதான இடத்தை எட்டுகிறார்கள்.

4. உலோகச் சுருள்களையோ உடனே இறுகும் திரவப் பசையையோ அங்கே இறக்கி அடைக்கிறார்கள்.

நான்காவதில் ஒரு நுணுக்கம் உண்டு. வயிற்றின் மேற்பகுதியில் தமனிகள் ஒன்றோடொன்று வலைபோல் இணைந்திருப்பவை. புடைப்புக்கு முன்னால் மட்டும் அடைத்தால், ரத்தம் சுற்றுவழியாகப் பின்பக்கத்திலிருந்து வந்து சேரும். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதைதான். ஆகவே முதலில் புடைப்பைத் தாண்டிப்போய் அப்பால் அடைத்து, பிறகு பின்வாங்கி இப்பால் அடைப்பார்கள்.

அடைப்பதா, உள்ளுறை போடுவதா?

மண்ணீரல் தமனியில் ஓட்டை என்றால் பெரும்பாலும் யோசனையின்றி அடைத்துவிடலாம். கல்லீரல் தமனி அப்படியல்ல. விப்பிள் அறுவையின் அடிக்கட்டை கல்லீரல் தமனியிலிருந்தே கிளைக்கிறது. அந்தக் கட்டை மிகக் குட்டையாக இருந்தால் சுருளுக்கு உள்ளே நிற்க இடம் இருக்காது; கல்லீரல் தமனியையே அடைக்க நேரும்.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் சிரை வழியாகவும் கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. எனவே சாதாரண நாளில் தமனி அடைபட்டாலும் கல்லீரல் சமாளித்துக்கொள்ளும். விப்பிள் செய்தவரின் நிலைமை சாதாரண நாள் இல்லை. மாற்றுப் பாதையாக உதவியிருக்கக்கூடிய கிளை வெட்டப்பட்டுவிட்டது. புற்றை அகற்றும்போது சிரையையும் வெட்டி இணைத்திருக்கலாம். வீக்கத்தால் அது நெருக்கப்பட்டிருக்கலாம். போதாததற்குப் பித்தநாளம் உயிர்வாழ்வது முழுக்கத் தமனி ரத்தத்தால்தான். தமனியை அடைத்தால் கல்லீரலில் சீழ்க்கட்டி வரலாம், பித்தநாள இணைப்பு சிதையலாம்.

இங்கேதான் உறையிட்ட ஸ்டென்ட் வருகிறது. இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் வலைக்குழாய். இது அதற்கு மேல் ரத்தம் புகாத உறை போர்த்தியது. ஓட்டை விழுந்த இடத்தில் தமனிக்குள் விரித்துவிட்டால், ஓட்டை வெளியே மாட்டிக்கொள்ளும். ரத்தம் குழாய்க்குள்ளே கல்லீரலுக்குப் போய்க்கொண்டிருக்கும். கேட்க எவ்வளவு நேர்த்தி! ஆனால் தமனி அதிகம் வளைந்து நெளிந்திருந்தால் விறைப்பான இந்தச் சாதனம் திரும்பாது. குறுகலாக இருந்தால் நுழையாது. வைத்தபின் அது அடைபடாமல் இருக்க ஆஸ்பிரின் போன்ற மருந்து தேவைப்படலாம். நேற்று ரத்தம் கொட்டியவருக்கு இன்று ரத்தம் உறையாமலிருக்க மருந்தா என்று குடும்பம் திகைப்பது இந்த இடத்தில்தான்.

எண்டோஸ்கோப்பி எங்கே உதவுகிறது?

ஒழுகுவது உண்மையிலேயே குடலின் உட்பக்கத்தில், இணைப்பின் தையல் வரியிலோ ஸ்டேப்ளர் வரியிலோ என்றால் எண்டோஸ்கோப்பிதான் முதல் ஆயுதம். இரைப்பை, உடல்பருமன் குறைப்பு, பெருங்குடல் அறுவைகளுக்குப் பிறகு இது அதிகம் பயன்படுகிறது. பெருங்குடல் இணைப்பில் வரும் கசிவு பலருக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போன்ற மருந்தை நிறுத்தியதுமே அடங்கிவிடும். அடங்காவிட்டால் கொலனோஸ்கோப்பி வழியே சிறு உலோகக் கிளிப்பைக் கவ்வவைப்பார்கள். நீர்த்த அட்ரினலினை ஊசியால் செலுத்தி நாளத்தைச் சுருங்கவைக்கலாம். ஆனால் அதன் பலன் தற்காலிகம் என்பதால் கிளிப்போடு சேர்த்தே பயன்படுகிறது. பரவலாகக் கசியும் இடத்தில் ரத்தத்தை உறையவைக்கும் பொடியைத் தெளிக்கிறார்கள்.

புதிய இணைப்பில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. காற்றை அதிகமாக ஊதினால் தையல் பிரியலாம். ஆகவே உடல் விரைவில் உறிஞ்சிக்கொள்ளும் கார்பன் டை ஆக்சைடைக் குறைந்த அளவில் பயன்படுத்துவார்கள். சூடுவைத்து ரத்தத்தை நிறுத்தும் முறைகள் ஆறாத இணைப்பைக் கருக்கி ஓட்டையாக்கலாம். அங்கே கிளிப்பே மேல். தவிர, உடல்பருமனைக் குறைக்க பைபாஸ் செய்து ஒதுக்கிவைக்கப்பட்ட இரைப்பைப் பகுதிக்கு வாய்வழிக் குழாய் எளிதில் போய்ச்சேராது. அங்கே மறுபடி ஆஞ்சியோவோ லேப்ராஸ்கோப்பியோதான்.

குடலில் ஆஞ்சியோ வழி அடைப்புக்கும் எல்லை இருக்கிறது. இரைப்பையைப் போலச் சிறுகுடலுக்கும் பெருங்குடலுக்கும் தாராளமான மாற்று ரத்தப் பாதை இல்லை. சுவரை ஒட்டிய கடைசிக் கிளை வரை நுண்கத்தீட்டரைக் கொண்டுபோய், அதை மட்டும் அடைக்க வேண்டும். சற்று முன்னாலேயே அடைத்துவிட்டால் அந்தத் துண்டுக் குடல் செத்துப்போகும்.

திறந்தே ஆக வேண்டிய நேரம்

எத்தனை ரத்தம் ஏற்றினாலும் அழுத்தம் நிற்காமல் சரியும் நோயாளியை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவது சரியல்ல. முதல் நாளில் வயிற்றறைக்குள் கொட்டும் கசிவுக்கும், இணைப்பு முற்றிலும் பிரிந்து சீழ் பரவிய வயிற்றுக்கும், இரண்டு முறை முயன்றும் கத்தீட்டர் எட்டாத இடத்துக்கும் கத்திதான் வழி. கத்தீட்டரால் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, நிலைமை சீரானபின் திறப்பதும் உண்டு. இரவு இரண்டு மணிக்கு ஆஞ்சியோ செய்ய ஆள் இல்லாத மருத்துவமனையில், ஏட்டில் எது சிறந்தது என்பதற்கு அர்த்தமே கிடையாது. பெரிய கணைய அறுவைக்கு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளில், நடுராத்திரியில் ரத்தம் வந்தால் யார் வருவார் என்பதும் ஒன்று. பலர் அறைவாடகையைக் கேட்கிறார்கள், இதைக் கேட்பதில்லை.

ரத்தம் நின்ற பிறகு

சுருளும் ஸ்டென்டும் ஓட்டையை மூடுகின்றன. ஓட்டை போட்ட கணையநீர்க் கசிவை அவை தொடுவதில்லை. எனவே ரத்தம் நின்ற மறுநாளே அடுத்த வேலை தொடங்குகிறது. வடிகுழாய் நீரில் அமிலேஸ் என்ற கணைய நொதியின் அளவு, ரத்தத்தில் இயல்பாக இருக்கக்கூடிய உச்சத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கணையநீர் கசிகிறது என்று பொருள். தேங்கிய நீரை, ஸ்கேன் பார்த்தபடி தோல்வழியே புதுக் குழாய் போட்டு வெளியேற்றுவார்கள். தொற்றுக்கு மருந்து, வாய்வழி முடியாவிட்டால் வேறு வழியில் உணவு. வற்றும்வரை குழாய் உள்ளேயே இருக்கும், சில நேரம் வீட்டுக்குப் போகும்போதும். உடலிலிருந்து குழாய் தொங்குவது எரிச்சலூட்டும்தான். ஆனால் அது வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு சொட்டும் தமனியைத் தொடாத சொட்டு.

மறுகசிவு வரலாம் என்பதால் சில நாட்களில் இன்னொரு சி.டி. எடுப்பதுண்டு. பிற்கசிவு மருத்துவமனையை விட்டுப் போன பிறகு, மூன்றாம் நான்காம் வாரத்தில்கூட வரக்கூடியது. வீட்டில் கறுத்த மலம், ரத்தவாந்தி, வடிகுழாயில் சிவப்பு, எழுந்தால் தலைசுற்றி நாடி படபடப்பது ஆகியவற்றில் எது வந்தாலும், நின்றுவிட்டது என்று காத்திருக்காமல் அறுவை செய்த மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். அது தொலைவில் இருந்தால் அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போகலாம். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்கட்டும். அங்கே பணியில் இருப்பவர் சீட்டில் விப்பிள் என்ற ஒரு சொல்லைப் பார்த்தால், அல்சர் என்று நினைத்து மாத்திரை கொடுத்து அனுப்ப மாட்டார்.